யுஎஸ்பி கேமரா மக்கர் செய்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினியில் தனியாகச் செருகிப் பயன்படுத்தும் வெப்கேம் பற்றிய பக்கம் இது. ஆன்லைனில் டியூஷன் எடுப்பவர்கள், வீடியோ நேர்காணலுக்குத் தயாராகிறவர்கள், பாஸ்போர்ட் அளவுப் படம் எடுத்துத் தரும் ஜெராக்ஸ் கடைக்காரர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றைத் தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் விண்டோஸை வைத்தே சொல்கிறேன். மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு தேவைப்படும் இடத்தில் வரும். கேமராவே கெட்டுப்போவது அபூர்வம். வெளிச்சம், கேபிள், போர்ட், அனுமதி இந்த நாலில் ஒன்றில்தான் வழக்கமாகச் சிக்கல் இருக்கும். புதிது வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

கேமராவைச் செருகினேன், ஒன்றுமே நடக்கவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டி வையுங்கள். யுஎஸ்பி சாதனத்தைச் செருகினால் விண்டோஸ் ஒரு சின்ன ஒலி எழுப்பும். அது கேட்டால் கேபிளில் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். அது திறந்திருக்கும்போதே கேமராவைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். 'கேமராஸ்' அல்லது 'இமேஜிங் டிவைசஸ்' என்ற தலைப்பின் கீழ் பெயர் மறைந்து திரும்ப வந்தால் இணைப்பு நன்றாகத்தான் இருக்கிறது. அனுமதியிலோ ஆப்பிலோதான் பிரச்சினை. மஞ்சள் முக்கோணத்தோடு 'அன்னோன் யுஎஸ்பி டிவைஸ்' என்று வந்தால், ஏதோ செருகப்பட்டிருப்பது கணினிக்குத் தெரிகிறது, ஆனால் அது யார் என்று கேட்டதற்குச் சரியான பதில் வரவில்லை. கேபிளில் டேட்டா கம்பி சரியில்லாதபோது அப்படித்தான் காட்டும். பட்டியலில் துளி அசைவும் இல்லையென்றால் போர்ட்டை மாற்றிப் பாருங்கள். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

எந்தப் போர்ட்டில் செருகுவது நல்லது?

டெஸ்க்டாப் என்றால் பின்பக்கம். முன்பக்கப் போர்ட்டுகள் மதர்போர்டிலிருந்து கேபினட்டுக்குள் ஒரு ஒயர் வழியாக வருகின்றன. மலிவான கேபினட்டில் அந்த ஒயரும் மலிவாகத்தான் இருக்கும். பென் டிரைவுக்கு அது போதும். நிறுத்தாமல் படம் அனுப்பிக்கொண்டே இருக்கிற கேமராவுக்குப் பல நேரம் போதாது. மானிட்டரிலும் கீபோர்டிலும் இருக்கிற போர்ட்டுகள் உண்மையில் ஹப்புகள்தான் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரித்துத் தரும் பெட்டி). சோதிக்கும்போது அவற்றையும் தவிருங்கள்.

யுஎஸ்பி 3.0 கேமராவாக இருந்தால் இன்னொரு விஷயம். பிளக்கை மெதுவாக, தயங்கித் தயங்கிச் செருகினால் முன்னால் இருக்கும் பழைய வகைப் பின்கள் முதலில் தொட்டுக்கொள்ளும்; கணினியும் அதை 2.0 சாதனம் என்று எடுத்துக்கொள்வது உண்டு. ஒரே மூச்சில் செருகுங்கள்.

எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டதும் கேமரா காணாமல் போகிறது. ஏன்?

யுஎஸ்பி 2.0-க்குக் கேபிள் நீளத்தின் உச்ச வரம்பு 5 மீட்டர். கேமராவோடு வரும் ஒன்றரை மீட்டரையும் இதில் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். அதோடு ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் மின்னழுத்தம் குறையும். வகுப்பறையின் பின்சுவரில் கேமரா வைக்க வேண்டும் என்றால் 'ஆக்டிவ்' வகை எக்ஸ்டென்ஷன் வாங்குங்கள்; சிக்னலைத் திரும்ப வலுப்படுத்தி அனுப்பும் சிப் அதற்குள் இருக்கும்.

கழற்றி மாட்டும் டைப்-சி கேபிள் கொண்ட கேமராக்களில் வேறொரு பொறி. கைக்குக் கிடைத்த சார்ஜர் கேபிளை மாட்டுவோம். சில சார்ஜிங் கேபிள்களில் மின்சாரக் கம்பிகள் மட்டும்தான் இருக்கும், டேட்டா கம்பியே இருக்காது. கேமராவில் விளக்கு எரியும், கணினிக்கு மட்டும் எதுவும் தெரியாது.

பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, பிறகு துண்டிக்கிறது.

மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் ஒரு சாதனத்துக்குத் தர வேண்டிய உச்சம் 500 மில்லி ஆம்பியர், 3.0 என்றால் 900. தனி மின் இணைப்பு இல்லாத ஹப் அந்த 500-ஐயே அதில் செருகிய எல்லாவற்றுக்கும் பங்கு போடும். இப்போது பலர் கேமராவோடு ரிங் லைட்டையும் அதே ஹப்பில் செருகுகிறார்கள். பிரைட்னஸைக் கூட்டிய நொடியில் கேமரா அறுந்துபோவதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். ரிங் லைட்டைப் போன் சார்ஜரில் மாட்டுங்கள்.

இரண்டாவது சந்தேகம் விண்டோஸின் சிக்கனம். டிவைஸ் மேனேஜரில் 'யுஎஸ்பி ரூட் ஹப்' மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸில் 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்துக்குப் போங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைத்துக்கொள்ளலாம் என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸிலும் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்று ஒன்று உண்டு. அதையும் 'டிசேபிள்' செய்யுங்கள். சில லேப்டாப்களில் இந்த வரிகள் கண்ணில் படாமல் இருக்கலாம், பதற வேண்டாம்.

மூன்றாவது, கேபிள் கேமராவுக்குள் நுழையும் இடம். மானிட்டர் மேல் மடக்கி மடக்கி வைப்பதில் அந்த வளைவில்தான் கம்பி முதலில் அறும். படம் ஓடும்போது அந்த இடத்தை லேசாக அசைத்துப் பாருங்கள். படம் போய்ப் போய் வந்தால் விடை கிடைத்துவிட்டது.

ஒரே ஹப்பில் இரண்டு, மூன்று கேமரா போட்டேன். ஒன்றுதான் வேலை செய்கிறது. பெரிய ஹப் வாங்கினால் சரியாகுமா?

ஆகாது. இதில்தான் நிறையப் பேர் வீணாகக் காசு விடுகிறார்கள்.

வீடியோ தடையில்லாமல் வர வேண்டும் என்பதால், பெரும்பாலான வெப்கேம்கள் ஓட ஆரம்பிக்கும்போதே யுஎஸ்பி பாதையில் ஒரு பங்கைத் தனக்கென்று ஒதுக்கச் சொல்லிக் கேட்கும். ரயிலில் முன்பதிவு செய்த இருக்கை மாதிரி: ஆள் வந்தாலும் வராவிட்டாலும் இன்னொருவர் உட்கார முடியாது. யுஎஸ்பி 2.0-இல் ஒரு கேமரா அதிகபட்சம் நொடிக்குச் சுமார் 24 மெகாபைட் வரை இப்படிப் பிடித்துவைக்கலாம். மொத்தப் பாதை கணக்கில் 60 மெகாபைட், அதிலும் 80 சதவீதத்துக்கு மேல் ஒதுக்க விதியில் இடமில்லை. ஆக இரண்டு கேமராக்கள் முழுப் பங்கைக் கேட்டாலே பாதை நிரம்பிவிடும். படத்தைச் சுருக்கி அனுப்புகிற கேமராக்களிலும் சில, தேவை இருக்கிறதோ இல்லையோ, முழுப் பங்கையே கேட்டு வாங்கும்.

3.0 ஹப் வாங்கினாலும் இது மாறாது. 2.0 கேமராக்கள் 3.0 ஹப்பில் செருகப்பட்டாலும் அதற்குள் இருக்கும் பழைய 480 மெகாபிட் (அதே 60 மெகாபைட்) பாதையில்தான் எல்லாமே ஒன்றாகப் போகும். வழி இதுதான்: ஹப்பை விட்டுவிட்டுக் கணினியின் தனித்தனிப் போர்ட்டுகளில் செருகுங்கள், ரெசல்யூஷனைக் குறையுங்கள், எம்ஜேபெக் முறையைத் தேர்ந்தெடுங்கள். டெஸ்க்டாப்பில் அதுவும் போதாவிட்டால் தனி யுஎஸ்பி கார்டு ஒன்று போடலாம்.

எம்ஜேபெக் என்றால்? 1080 என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறது, படமோ நொண்டி நொண்டி ஓடுகிறதே?

இரண்டுக்கும் ஒரே பதில்தான். கேமரா படத்தைச் சுருக்காமலும் அனுப்பலாம், ஒவ்வொரு ஃப்ரேமையும் (வீடியோவின் ஒரு தனிப் படம்) ஜேபெக் படமாகச் சுருக்கியும் அனுப்பலாம். சுருக்காத முறை மெனுக்களில் ஒய்யூஒய்2 என்று தெரியும், சுருக்கியது எம்ஜேபெக்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1920-க்கு 1080 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட். ஒரு ஃப்ரேமே 4 மெகாபைட்டைத் தாண்டுகிறது. நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் சுமார் 124 மெகாபைட். மேலே சொன்ன 24-க்குள் இது அடங்காது, 5 ஃப்ரேம்தான் போகும். அதனால்தான் பல 1080 கேமராக்கள் ஒய்யூஒய்2-இல் நொடிக்கு 5 ஃப்ரேம் என்றே தங்கள் பட்டியலில் காட்டுகின்றன. அதே கேமரா எம்ஜேபெக்கில் சாவகாசமாக 30 ஓடும்.

வீடியோ பதிவுக்கும் நேரலைக்குமான ஓபிஎஸ் மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்களா? வீடியோ கேப்சர் டிவைஸின் பிராப்பர்டீஸில் ரெசல்யூஷனை 'கஸ்டம்' என்று மாற்றினால் கீழே 'வீடியோ ஃபார்மட்' தெரியும். அதில் எம்ஜேபெக்கைத் தேர்ந்தெடுங்கள். 640-க்கு 480 போதும் என்றால் ஒய்யூஒய்2-வும் பாதைக்குள் அடங்கும் (நொடிக்கு 18 மெகாபைட் சொச்சம்). ஜேபெக் சுருக்கத்தால் வரும் கட்டம் கட்டமான கறைகளும் இருக்காது.

கூடவே ஒரு சின்ன சிடி வந்தது. டிரைவர் போட வேண்டுமா?

வேண்டாம். 2003-இல் யுவிசி என்ற பொதுத்தரம் வந்தது. வெப்கேம்கள் கணினியோடு பேச ஒரே மொழி. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அதற்கான டிரைவர் உள்ளேயே இருக்கிறது. கடையில் இன்று கிடைக்கும் கேமராக்கள் அநேகமாக எல்லாமே யுவிசிதான். சிடியில் இருக்கும் பழைய டிரைவரைப் போட்டு, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததைக் கெடுத்துக்கொண்டவர்கள்தான் அதிகம்.

போட்டுவிட்டீர்கள் என்றால்: டிவைஸ் மேனேஜரில் கேமராவை ரைட் கிளிக் செய்து 'அப்டேட் டிரைவர்', பிறகு கணினியிலேயே தேடும் வழி, பிறகு பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்ற வழி. வரும் பட்டியலில் 'யுஎஸ்பி வீடியோ டிவைஸ்' என்பதை எடுங்கள். விண்டோஸின் சொந்த டிரைவர் அதுதான்.

கேமரா ஆப்பில் ஒரு நீளமான பிழை எண் வருகிறது.

கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 4244 என்று முடிந்தால் கேமரா எதுவும் கண்ணில் படவில்லை என்கிறது. முதல் கேள்விக்குத் திரும்பிப் போங்கள். 4243 என்று முடிந்தால் வேறொரு ஆப் கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறது. ஜூம் மூடியிருப்பது போலத் தோன்றினாலும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒளிந்து ஓடிக்கொண்டிருக்கும். பிரவுசரில் மறந்துபோன ஒரு டேப் போதும். எது என்று தெரியாவிட்டால் ரீஸ்டார்ட் செய்வதே சுருக்கு வழி.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆப்பில் மட்டும் கேமரா வரவில்லை.

அனுமதி. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸுக்குள் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'கேமரா'. அங்கே மேலே ஒரு பொது ஸ்விட்ச், நடுவில் ஸ்டோர் ஆப்களின் பட்டியல், கீழே டெஸ்க்டாப் ஆப்களுக்கு மொத்தமாக ஒன்று என்று அடுக்காக இருக்கும். ஓபிஎஸ், குரோம் போன்றவை கடைசி ஸ்விட்சின் கீழ் வருபவை. பலர் நடுப்பட்டியலில் அவற்றைத் தேடிவிட்டு, இல்லையே என்று குழம்புகிறார்கள்.

குரோமில் அட்ரஸ் பட்டையின் இடது ஓரத்தில் இருக்கும் சின்னத்தைத் தட்டினால் அந்தத் தளத்துக்குக் கேமரா அனுமதி உண்டா இல்லையா என்று தெரியும். ஒருமுறை 'பிளாக்' தட்டியிருந்தால் மறுபடி கேட்காமலே இருந்துவிடும். மேக்கில் 2018-இல் வந்த மொஹாவே பதிப்பிலிருந்து ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். கொடுத்தபின் ஆப்பை மூடித் திறக்க வேண்டும். ஆன்டிவைரஸ்களில் சில 'வெப்கேம் பாதுகாப்பு' என்ற பெயரில் சத்தமில்லாமல் தடுப்பதும் உண்டு.

இன்னொன்று: லேப்டாப்பில் உள்ளேயே ஒரு கேமரா இருப்பதால் ஆப் அதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கும். ஆப்பின் வீடியோ செட்டிங்ஸில் யுஎஸ்பி கேமராவைப் பெயர் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகுதான் கெட்டது. அப்டேட்டைக் குறை சொல்லலாமா?

சொல்லலாம், முன்னுதாரணமே இருக்கிறது. 2016 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 10 ஆனிவர்சரி அப்டேட்டில், ஒரே கேமராவைப் பல ஆப்கள் பகிர்ந்துகொள்ள வசதியாக மைக்ரோசாஃப்ட் நடுவில் ஒரு சர்வீஸைப் புகுத்தியது. அந்த மாற்றத்தில் ஆப்களுக்கு எம்ஜேபெக்கும் எச்.264 என்ற இன்னொரு சுருக்க முறையும் நேரடியாகக் கிடைக்காமல் போனது. உலகம் முழுக்க நல்ல கேமராக்கள் உறைந்து நின்றன. பிறகு அவர்களே திருத்தம் வெளியிட்டார்கள். ஆகவே அப்டேட் முடிந்த கையோடு கேமரா போனால், டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' பட்டன் அழுத்தக்கூடியதாக இருக்கிறதா என்று பாருங்கள்.

'கோட் 10', 'கோட் 43' என்று வருகிறதே?

கோட் 10 என்றால் சாதனத்தை ஆரம்பிக்க முடியவில்லை; டிரைவரை நீக்கி மறுபடி செருகினால் பெரும்பாலும் சரியாகும். கோட் 43 கொஞ்சம் மோசம். சாதனமே தன்னிடம் கோளாறு என்று சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது என்று பொருள். கணினியை ஷட் டவுன் செய்து, பிளக்கையும் பிடுங்கி, கொஞ்சம் பொறுத்து மறுபடி போடுங்கள். வேறு கணினியிலும் இதே 43 வந்தால் கேமராவின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது.

படம் ஒரே கறுப்பு. ஆனால் விளக்கு எரிகிறது.

சிரிக்காதீர்கள்: லென்ஸ் மூடி. பல மாடல்களில் பக்கவாட்டில் தள்ளும் சின்னக் கதவு இருக்கும், துடைக்கும்போது தானாக நகர்ந்துவிடும். அது இல்லையென்றால் எக்ஸ்போஷரை (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒளி வாங்கும் நேரம்) யாரோ கையால் அடிமட்டத்துக்கு இறக்கியிருக்கலாம். ஓபிஎஸில் 'கான்ஃபிகர் வீடியோ' அழுத்தினால் வரும் பெட்டியில் 'டிஃபால்ட்' பட்டனை அழுத்துங்கள்.

படத்தில் கிடைமட்டமாகப் பட்டைகள் ஊர்ந்துகொண்டே இருக்கின்றன. ஸ்க்ரீன் கோளாறா?

இல்லை, உங்கள் டியூப் லைட். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதாவது விளக்கின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாது. கேமரா சென்சாரோ படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. ஒளி ஏறியபோது படித்த வரி வெளுப்பாகவும் இறங்கியபோது படித்தது கறுப்பாகவும் விழும். அதுதான் பட்டை.

பல கேமராக்கள் அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்கு ஏற்ற அமைப்போடு வருகின்றன. அதில் எக்ஸ்போஷர் நொடியில் 60-இல் ஒரு பங்கு. அந்த நேரத்தில் நம் ஊர் விளக்கு ஒன்றே முக்கால் முறைக்குச் சற்றுக் குறைவாகத் துடிக்கும். ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு அளவு ஒளி. 50 என்று மாற்றினால் எக்ஸ்போஷர் 50-இல் ஒரு பங்கோ 100-இல் ஒரு பங்கோ ஆகும், முழுத் துடிப்புகள் மட்டும் அடங்கும். பட்டை மறைந்துவிடும். மாற்றும் இடம்: ஓபிஎஸில் 'கான்ஃபிகர் வீடியோ' அழுத்தினால் வரும் பெட்டியில் 'பவர்லைன் ஃப்ரீக்வென்சி'. விண்டோஸின் கேமரா ஆப் செட்டிங்ஸிலும் 'ஃப்ளிக்கர் ரிடக்‌ஷன்' என்ற பெயரில் இருக்கிறது. கனடாவில் இருக்கும் உறவினருக்கு இதைச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள், அவர்களுக்கு 60-தான் சரி.

50 வைத்தும் பட்டை போகவில்லையா? ரிங் லைட்டை மங்கலாக்கி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பல எல்இடி விளக்குகள் மங்கலாவதற்கு வேகமாக அணைந்து அணைந்து எரிகின்றன. அந்தத் துடிப்புக்கும் மின்சார ஹெர்ட்ஸுக்கும் சம்பந்தமில்லை. முழு பிரைட்னஸில் வைத்து விளக்கைத் தள்ளி வையுங்கள்.

பகலில் நன்றாக ஓடுகிறது. ராத்திரி ஆனால் கை அசைத்தால் இழுபட்டுத் தெரிகிறது.

வெளிச்சம் போதவில்லை, அவ்வளவுதான். இருட்டில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கூடுதல் நேரம் ஒளியை வாங்கிக்கொள்ள கேமரா முயலும். ஒரு ஃப்ரேமுக்கு நொடியில் 15-இல் ஒரு பங்கு எடுத்துக்கொண்டால் நொடிக்கு 15 ஃப்ரேமுக்கு மேல் எப்படி வரும்? அதே 'கான்ஃபிகர் வீடியோ' பெட்டியில் 'லோ லைட் காம்பன்சேஷன்' என்ற டிக்கை எடுத்தால் வேகம் திரும்பும், படம் இருட்டாகும்.

எக்ஸ்போஷரைக் கையால் வைக்கப் போனால் அங்கே -5, -6 என்று விநோதமான எண்கள் இருக்கும். ஒவ்வொரு படியும் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்: -5 என்றால் நொடியில் 32-இல் ஒரு பங்கு, -6 என்றால் 64, -7 என்றால் 128. நொடிக்கு 30 ஃப்ரேம் வேண்டுமானால் -5-ஐத் தாண்டி -4 பக்கம் போகக் கூடாது. ஆனால் இந்த வித்தைகளைவிட முகத்துக்கு நேராக ஒரு 9 வாட் எல்இடி பல்பைப் போடுவது மேல். கேமராவுக்குக் கூடுதலாகச் செலவழிக்க நினைக்கிற பணத்தில் கால்வாசியை விளக்குக்குக் கொடுத்தாலே படம் மாறிவிடும் என்பது என் கட்சி. புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரிவதும் வெளிச்சம் போதாததால்தான்.

பின்னால் ஜன்னல். முகம் கறுத்துப் போகிறது.

திரும்பி உட்காருங்கள். முடியாவிட்டால் திரையை இழுத்து விடுங்கள். செட்டிங்ஸில் இதற்கு நல்ல மருந்து கிடையாது.

மங்கலாக இருக்கிறது. துடைத்தும் போகவில்லை.

புதுக் கேமரா என்றால் லென்ஸ் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? விளிம்பில் நகத்தால் நெருடினால்தான் தெரியும் அளவுக்கு அது மெல்லியது. பழையது என்றால் விரல் எண்ணெய். மூக்குக்கண்ணாடித் துணியில் லேசாக ஊதித் துடைக்கலாம். சட்டை நுனி வேண்டாம்.

லென்ஸைச் சுற்றிப் பல் பல்லாக வளையம் இருந்தால் அது கையால் திருப்பும் ஃபோகஸ். முகத்துக்கு முன் ஒரு செய்தித்தாளைப் பிடித்து, எழுத்து கூர்மையாகும் வரை திருப்புங்கள். வளையம் இல்லாத மலிவு மாடல்களில் ஃபோகஸ் ஓரிடத்தில் நிலையாக இருக்கும். ஆள் உட்காரும் தூரத்துக்குச் சரி, ஆதார் அட்டையை அருகில் காட்டினால் எழுத்து தெரியாது. அது கோளாறு இல்லை. ஆட்டோ ஃபோகஸ் உள்ளவை வேறு விதத்தில் படுத்தும்: கையை அசைக்கும்போதெல்லாம் முன்னும் பின்னும் தேடும். ஆட்டோ டிக்கை எடுத்துவிட்டு ஒரு முறை முகத்துக்கு ஃபோகஸ் வைத்தால் நிம்மதி.

முகம் மஞ்சளடிக்கிறது அல்லது நீலமடிக்கிறது.

ஒயிட் பேலன்ஸ், அதாவது விளக்கின் நிறத்துக்கு ஏற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பு. ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம், மறுபக்கம் மஞ்சள் பல்பு என்று கலந்திருந்தால் ஆட்டோவுக்கு எதை நம்புவது என்று தெரியாது. ஒரே வகை விளக்கை வைத்துக்கொண்டு கையால் எண்ணைப் போடுங்கள்: மஞ்சள் பல்புக்கு 3000 பக்கம், வெள்ளை எல்இடிக்கு 6000 பக்கம்.

கறுப்புச் சட்டை ஊதா நிறமாகத் தெரிந்தால் அது வேறு கதை. லென்ஸுக்குப் பின்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் இல்லை அல்லது தரமாக இல்லை. சில செயற்கை இழைத் துணிகள் அகச்சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்பும். டிவி ரிமோட்டைக் கேமராவுக்குக் காட்டிப் பட்டனை அழுத்துங்கள். முனையில் பளிச்சென்று டார்ச் மாதிரி தெரிந்தால் ஃபில்டர் இல்லை. செட்டிங்ஸால் இதைத் திருத்த முடியாது.

பச்சைக் கோடுகள், பாதிப் படம், கிழிந்த படம்?

டேட்டா வழியில் சிதறுகிறது. ஹப், எக்ஸ்டென்ஷன் இரண்டையும் நீக்கி, கழற்றக்கூடியது என்றால் கேபிளையும் மாற்றி, நேராகச் செருகிப் பாருங்கள். ரெசல்யூஷனைக் குறைத்தால் சரியாகிறது என்றால் சந்தேகமே இல்லை. பிரவுசரில் மட்டும் முழுப் படமும் பச்சையாக வந்தால் 'ஹார்ட்வேர் ஆக்சலரேஷன்' என்பதை அணைத்துப் பாருங்கள்.

கேமரா ஆப்பில் அழகாக இருக்கிறது, ஜூமில் மோசமாக இருக்கிறதே?

அங்கே கேமராவுக்கு வேலையில்லை. இணைய வேகத்தையும் கூட்டத்தின் அளவையும் பார்த்து ஜூம் தன் விருப்பத்துக்குப் படத்தைச் சுருக்குகிறது. வீடியோ செட்டிங்ஸில் 'எச்டி' டிக் போடுங்கள். மற்றபடி கணினியை லேன் கேபிளில் இணைப்பதுதான் வழி.

அப்படியே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போர்டில் எழுதியது கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பித் தெரிகிறது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். உங்கள் திரையில் மட்டும்தான் அப்படி. மாணவர்களுக்கு நேராகத்தான் போகிறது.

பெட்டியில் 25 மெகாபிக்சல் என்று போட்டிருந்தது. படம் அப்படி இல்லையே?

குறைந்த விலைக் கேமராக்களில் அது சென்சாரின் அளவு இல்லை, மென்பொருள் இழுத்துப் பெரிதாக்கிய அளவு. 1080 வீடியோவே 2 மெகாபிக்சல்தான். ஓபிஎஸ் காட்டும் ரெசல்யூஷன் பட்டியலை நம்புங்கள், பெட்டியை வேண்டாம்.

கேமரா போட்டதிலிருந்து ஒயர்லெஸ் மவுஸ் திக்குகிறது.

யுஎஸ்பி 3.0 சாதனங்களும் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ரேடியோ இரைச்சல் எழுப்பும். மவுஸ் டாங்கிளும் (மவுஸுக்காகக் கணினியில் செருகும் சின்னத் துண்டு) அதே இடத்தில்தான் பேசுகிறது. டாங்கிளை மறுபக்கப் போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

லினக்ஸில்?

செருகினால் வந்துவிடும், யுவிசி டிரைவர் 2008-இலிருந்து லினக்ஸின் மையமான கெர்னலிலேயே இருக்கிறது. இரண்டாவது கேமராவைத் திறக்கும்போது 'சாதனத்தில் இடமில்லை' என்ற பொருளில் பிழை வந்தால் ஹார்ட் டிஸ்க்கைக் காலி செய்யப் போகாதீர்கள். அது மேலே சொன்ன முன்பதிவுச் சிக்கல்தான். 50 ஹெர்ட்ஸ், எக்ஸ்போஷர் எல்லாவற்றையும் மாற்ற ஜியுவிசிவியூ என்ற மென்பொருள் போதும்.

ஆண்ட்ராய்டு போனில் யுஎஸ்பி கேமராவைச் செருகலாமா? காது பார்க்கும் கேமரா, மைக்ரோஸ்கோப் கேமரா எல்லாம்?

ஓடிஜி (போனிலேயே யுஎஸ்பி சாதனங்களைச் செருகும் வசதி) ஆதரவு உள்ள போனில் செருகலாம். பெரும்பாலும் போனின் சொந்தக் கேமரா ஆப்பில் தெரியாது. பிளே ஸ்டோரில் யுஎஸ்பி கேமரா ஆப் ஒன்றைப் போட வேண்டும். மைக்ரோஸ்கோப், குழாய்க்குள் விடும் எண்டோஸ்கோப் வகைகளும் உள்ளே பார்த்தால் யுவிசி வெப்கேம்கள்தான், ஆகவே கணினியில் சாதாரணக் கேமரா ஆப்பிலேயே திறந்துவிடும். சில போன்களில் செட்டிங்ஸுக்குள் போய் ஓடிஜியை இயக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அதுவாகவே அணைந்தும் விடும்.

கடைசியில் கேமராதான் போய்விட்டது என்று எப்போது முடிவு செய்வது?

வேறொரு கணினியில், ஹப் இல்லாமல், கழற்றக்கூடியது என்றால் கேபிளையும் மாற்றிச் செருகிப் பார்த்து அங்கேயும் அதே கோளாறு வந்தால். வாரண்டி இருந்தால் திறக்காதீர்கள். பில்லோடு கொண்டு போங்கள், கோளாறைப் போனில் வீடியோவாக எடுத்துக்கொண்டு போனால் கவுன்டரில் வாக்குவாதம் மிச்சம். வாரண்டி முடிந்து, அறுந்தது கேபிள்தான் என்று உறுதியானால், போன் சரிசெய்யும் கடையில் கேட்டுப் பாருங்கள். உள்ளே பொதுவாக சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை என்று நாலே கம்பிகள் இருக்கும். சில மாடல்களில் அவை சின்னக் கனெக்டரிலேயே முடிந்திருக்கும், சால்டரிங்கூடத் தேவைப்படாது.